தனக்குத் தானே ஆசிரியராக இருக்க முடியுமா?



சென்ற மாதம் ஒருநாள் மாலை, நமது வாசகசாலையில் ஒரு பெண்பிள்ளை என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். பாவசங்கீர்த்தனத்தில் அல்ல, வாசகசாலை மேசையருகே நின்று கேட்டாள். அவளுடைய சம்மதத்தைப் பெற்றே இதை இங்கே எழுதுகிறேன்.

அவள் அருப்புக்கோட்டையில் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். விலங்கியலில் பட்டம் பெற்றவள். பயிற்சி நிலையங்கள் கேட்கும் பல ஆயிரம் ரூபாயைக் கட்ட வீட்டில் வசதியில்லை. ஆகவே ஒரு பழைய புத்தகத்தையும் கைப்பேசியையும் வைத்துக்கொண்டு, ‘மெடிக்கல் கோடிங்’ என்னும் மருத்துவக் குறியீட்டுத் தொழிலைத் தானாகவே படித்து வருகிறாள். சான்றிதழ்ப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

“சாமி, வீட்டிலே மாதிரிப் பரீட்சை எழுதிப் பார்த்தேன். விடையைப் பார்க்காமல் எழுதினால் 58 வருகிறது. நடுநடுவே கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டால் 76 வருகிறது. அம்மா கேட்டபோது 76 என்று சொல்லிவிட்டேன். அது பொய்யா? இன்னொன்று, சாமி. பரீட்சையில் வரப்போகிற கேள்விகள் தன்னிடம் இருப்பதாக ஒருவர் செய்தி அனுப்பியிருக்கிறார். சனிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டுமாம். வாங்கினால் யாருக்கு என்ன நஷ்டம்?”

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏனெனில் இக்கேள்வி அவள் ஒருத்தியுடையது அன்று. நமது பூமியைப் பாருங்கள். பந்தல்குடிப் பக்கம் கரிசல். திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் போனால் வானம் பார்த்த கண்மாய்கள். மழை பெய்தால் ஒரு போகம். பொய்த்தால் வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம் போட வேண்டியதுதான். குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இத்தகைய நாட்டில் பிறந்த பிள்ளை, குளிர்ந்த அறையில் உட்கார்ந்து மாதச் சம்பளம் வாங்கும் ஒரு வேலையைக் கனவு காண்பதில் குற்றம் ஏதும் இல்லை. அக்கனவை நோக்கி எந்த வழியாக நடப்பது என்பதே விஷயம்.

முதலில் இத்தொழில் யாதென்று அறிந்துகொள்வோம். அமெரிக்காவில் ஒரு நோயாளி வைத்தியரிடம் போகிறார். வைத்தியர் தாம் கண்டதையும் செய்ததையும் குறிப்பாக எழுதுகிறார். அக்குறிப்பைச் சென்னையிலோ, கோயம்புத்தூரிலோ, திருச்சியிலோ இருக்கும் ஒருவர் வாசித்து, ஒவ்வொரு வியாதிக்கும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போடுகிறார். அதைப் பார்த்தே காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுக்கிறது. வியாதிகளை இவ்வாறு வகைப்படுத்தும் சர்வதேச அட்டவணை புதியதன்று. பாரீஸ் நகரத்துப் புள்ளிவிவர நிபுணர் ஜாக் பெர்த்திலோன் என்பவர் 1893-ல் சிக்காகோவில் சமர்ப்பித்த மரணக் காரணங்களின் பட்டியலே அதன் மூலம். 1948-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அதன் 6-வது திருத்தத்தை வெளியிட்டபோது, மரணத்துக்குக் காரணமாகாத வியாதிகளும் அதில் சேர்ந்தன. 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்கா கையாளும் 10-வது திருத்தத்தின் பதிப்பில் 70,000-க்கும் மேற்பட்ட குறியீடுகள் உள்ளன.

ஏ.ஏ.பி.சி. என்னும் அமெரிக்க நிறுவனம் நடத்தும் சி.பி.சி. பரீட்சையைத்தான் இப்பெண் எழுதப் போகிறாள். கேள்விகள் 100, நேரம் 4 மணி, தேறுவதற்கு 70 சதவீதம் வேண்டும். இதில் ஒரு விசேஷம் உண்டு. குறியீட்டுப் புத்தகங்களை உள்ளே வைத்துக்கொண்டே பரீட்சை எழுதலாம். அப்படியானால் இப்பரீட்சை சோதிப்பது ஞாபகசக்தியை அன்று. வாசித்ததைச் சரியாகப் புரிந்துகொண்டு, உரிய இடத்தைத் தேடிக் கண்டு, அதற்குமேல் ஒன்றும் கூட்டாமல் நிற்கும் புத்தியையே சோதிக்கிறது.

நிற்க. ஒருவர் தனக்குத் தானே ஆசிரியராக இருக்க முடியுமா? இக்கேள்வியை 700 வருடங்களுக்கு முன்னரே அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் கேட்டிருக்கிறார். 1256-க்கும் 1259-க்கும் இடையில் பாரீஸில் அவர் நடத்திய ‘சத்தியத்தைப் பற்றிய விவாதங்கள்’ என்ற தொகுதியில், 11-வது பகுதி ஆசிரியரைப் பற்றியது. மனிதன் தன் புத்தியின் இயல்பான வெளிச்சத்தைக்கொண்டு, பிறர் போதிக்காமலே அநேக விஷயங்களைக் கண்டறியலாம் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் அப்படிப்பட்டவனைத் தனக்குத் தானே ஆசிரியன் என்று சொல்லுதல் பொருந்தாது என்கிறார். காரணம் யாதெனில், ஆசிரியரிடம் அந்த அறிவு முன்னமே முழுமையாய் இருக்க வேண்டும். கற்றுக்கொள்கிறவனிடமோ அது இன்னும் இல்லை. ஒரே ஆள் ஒரே விஷயத்தில் உள்ளவனாகவும் இல்லாதவனாகவும் இருப்பது எப்படி?

நமது நாட்டுக் கதையிலும் இதே உண்மை உண்டு. ஆசிரியரின்றி வில்வித்தை கற்ற ஏகலைவன்கூட, மண்ணால் ஒரு துரோணரைச் செய்து முன்னால் நிறுத்திக்கொண்டான் அன்றோ? தன்னைப் பார்க்க ஒருவர் வேண்டும் என்பதை அவன் அறிந்திருந்தான்.

அப்படியானால், பணமில்லாமல் தனியே படிக்கும் இந்தப் பிள்ளைக்கு ஆசிரியர் யார்? நான் யோசித்துப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த விடை இதுதான்: அவள் செய்யும் தவறே அவளுடைய ஆசிரியர். அவள் எழுதிய விடைக்கும் புத்தகத்தில் உள்ள விடைக்கும் இடையே ஒரு வித்தியாசம் தெரிகிறதே, அந்த இடத்தில்தான் அவளைவிட அதிகம் அறிந்த ஒருவர் அவளோடு பேசுகிறார். அந்த 42 தவறுகளும் அவளுக்குச் சம்பளமில்லாமல் கிடைத்த 42 பாடங்கள். நடுவே கடைசிப் பக்கத்தைப் பார்த்து 76 என்று எழுதிக்கொண்டபோது, அவள் அம்மாவை ஏமாற்றியது சிறிது; தனக்கு இருந்த ஒரே ஆசிரியரின் வாயை மூடியது பெரிது.

ஒரு திருஷ்டாந்தம் சொல்கிறேன். நெஞ்சுவலி என்று ஒருவர் வெளிநோயாளியாக வருகிறார். வைத்தியர், “மாரடைப்பாக இருக்கலாம், சந்தேகம்” என்று எழுதுகிறார். எந்தக் குறியீட்டைப் போடுவது? மாரடைப்புக்கு ஐ 21.9 என்று ஒன்று இருக்கிறது; ஆனால் அதைப் போடலாகாது. வெளிநோயாளி விஷயத்தில் சந்தேகத்தை வியாதியாக எழுதக்கூடாது என்பது விதி. உறுதியானது நெஞ்சுவலி மட்டுமே. ஆகவே ஆர் 07.9 என்பதோடு நிற்க வேண்டும். ஆனால் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் விஷயத்தில், வீட்டுக்கு அனுப்பும்போதும் வைத்தியர் “இருக்கலாம்” என்றே எழுதியிருந்தால், அதை உள்ளதாகவே கொண்டு குறியீடு போடச் சொல்கிறது வேறொரு விதி. நம் புத்திக்குச் சரியென்று தோன்றுவதெல்லாம் விதியாகிவிடாது. இவ்வித்தியாசத்தை ஒருமுறை தவறவிட்டு, ஏன் தவறினோம் என்று தேடிப் பார்த்தவள் அதை மறக்கமாட்டாள். விடையை முன்னதாகவே பார்த்துவிட்டவளுக்கோ, அங்கே ஒரு பள்ளம் இருந்தது என்பதே தெரியாது.

இத்தொழிலின் தர்மமும் இங்கேயே அடங்கியிருக்கிறது. எழுதியிருப்பதை எழுது, எழுதாததை ஊகித்துச் சேர்க்காதே, பணம் அதிகம் வரும் என்பதற்காகச் சிறிய வியாதியைப் பெரிதாக்காதே. அப்படிப் பெரிதாக்கி அரசாங்கத்திடம் பணம் வாங்குவோரை அமெரிக்கா தண்டிப்பது 1863-ல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தைக் கொண்டு. உள்நாட்டுப் போரின்போது பட்டாளத்துக்கு மோசமான சரக்கை விற்று ஏமாற்றிய வியாபாரிகளுக்காக உண்டான சட்டம் அது. இன்று அதே சட்டம் பொய்க் குறியீட்டுக்கும் பாய்கிறது. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுவதும், இல்லாததை உள்ளதாக எழுதுவதும் ஒரே குணத்தின் இரண்டு முகங்கள். 58-ஐ 76 என்று எழுதப் பழகிய கை, நெஞ்சுவலியை மாரடைப்பு என்று எழுத எவ்வளவு நாள் தயங்கும்?

இனி இரண்டாவது கேள்வி. கேள்வித்தாளை வாங்கினால் யாருக்கு நஷ்டம்?

முதலாவது, முகமறியாத ஒரு நோயாளிக்கு. வராத மாரடைப்பு ஒன்று அவருடைய பதிவேட்டில் ஏறிவிட்டால், அடுத்த வைத்தியர் அதை நம்புவார். இரண்டாவது, அதே பரீட்சையை நேர்மையாய் எழுதும் இன்னொரு ஏழைப் பிள்ளைக்கு. சான்றிதழின் மதிப்பு குறையும்போது, அவளுடைய உழைப்பின் மதிப்பும் சேர்ந்து குறைகிறது. மூன்றாவது, வாங்குகிறவளுக்கு. அந்தச் செய்தி அனுப்பியவன் பொய்யனாக இருந்தால் பணம் போயிற்று. மெய்யாகவே கேள்விகள் அவனிடம் இருந்தாலோ நஷ்டம் அதைவிட அதிகம். தனியே படித்தவளைக் கடைசியில் அந்நியர் ஒருவர் நடுநிலையாகப் பார்த்து, “உனக்கு இது தெரியும்” என்றோ, “இன்னும் தெரியாது” என்றோ சொல்லக்கூடிய ஒரே சந்தர்ப்பம் அந்த 4 மணி நேரம். அதையும் விலைகொடுத்து அழித்துவிட்டால், அவள் தனக்குத் தெரியுமா தெரியாதா என்பதை எப்போது, யாரிடம் அறிந்துகொள்வாள்?

“பணமுள்ளவர்கள் பயிற்சி நிலையத்தில் சேர்ந்து தேறிவிடுகிறார்கள். எங்களைப்போன்றவர்கள் என்ன செய்வது?” என்று அவள் கேட்டாள். இது நியாயமான குறை. இதைப் பிரசங்கம் செய்து மூடிவிட எனக்கு மனமில்லை. வறுமை குற்றத்தின் பாரத்தைக் குறைக்கும் என்று நீதிசாஸ்திரம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் குற்றத்தை அது நன்மையாக மாற்றுவதில்லை. அன்றியும், இவ்விஷயத்தில் ஏழைக்கே அதிக எச்சரிக்கை வேண்டும். பணக்காரப் பிள்ளை வேலையில் தவறினால் வீட்டில் வேறு வழி உண்டு. இவள் தவறினால் தாங்குவதற்கு யார் இருக்கிறார்கள்? வசதியில்லாதவனுடைய முதல் ஆஸ்தி, அவன் சொன்னால் நம்பலாம் என்ற பேர்.

மேலும், அனுபவமில்லாமல் தேறியவருடைய பட்டத்தின் பின்னால் ‘பயிலுநர்’ என்று குறிக்கும் ஓர் எழுத்தையும் சேர்த்தே அந்நிறுவனம் வழங்குகிறது. போதிய அனுபவத்தை நிரூபித்த பிற்பாடு அது நீங்கும். ‘நான் இன்னும் கற்றுக்கொள்கிறவள்’ என்று சான்றிதழே சொல்லும்போது, அதைச் சொல்ல நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்? இயந்திரங்களே குறியீடு போடத் தொடங்கியிருக்கும் இந்நாளில், இயந்திரம் எங்கே தவறியது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கே வேலை நிலைக்கும். தன் தவறைப் பார்க்க மறுத்தவர் இயந்திரத்தின் தவறை எப்படிப் பார்ப்பார்?

இவ்வளவையும் சொல்லி, அன்றிரவே அம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிடு என்றேன். மறுவாரம் தாயும் மகளுமாக வந்தார்கள். அந்தத் தாய்க்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் முப்பது வருடம் தறியில் உட்கார்ந்தவர்.

“சாமி, பாவுல ஒரு இழை அறுந்தா அப்பவே நிறுத்தி முடிச்சுப் போடணும். பார்க்காத மாதிரி நெய்துட்டா, சேலையை விரிக்கிற இடத்துல தெரிஞ்சிரும்னு சொன்னேன். விடைத்தாளை எல்லாம் கிழிச்சு வாங்கி அரிசிப் பானைக்குள்ள வச்சிருக்கேன். எழுதி முடிச்ச பிறகுதான் கொடுப்பேன்” என்றார்.

அக்குயினாஸ் கேட்ட ஆசிரியர் அந்த வீட்டுக்கு வந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. அறிவைக் கொடுக்க அத்தாயால் முடியாது. ஆனால் தவறு பேசட்டும் என்று வழிவிட முடியும்.

ஆகவே வாசகரே, உங்கள் வீட்டிலும் இப்படித் தனியே படிக்கும் ஒரு பிள்ளை இருந்தால், மூன்று காரியம் செய்யுங்கள். விடைகளை அவர்கள் கையில் விடாமல் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். தவறுகளுக்கென்று ஒரு தனி நோட்டு வாங்கிக் கொடுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஏன் தவறிற்று என்று எழுதச் சொல்லுங்கள். “எத்தனை மார்க்கு?” என்று கேட்பதற்கு முன், “இன்றைக்கு எது தெரியவில்லை?” என்று கேளுங்கள். பிள்ளைகள் பொய் மார்க்கு சொல்வது பெரும்பாலும் நமது முகத்தைப் பார்த்துத்தான் என்பதையும் மறவாதிருங்கள். வாசகசாலையின் மேசையும் விளக்கும் இரவு 9 மணி வரை அவர்களுக்காகக் காத்திருக்கின்றன. இரண்டு பேராக வந்தால் ஒருவர் தாளை மற்றவர் திருத்தலாம்.

அந்தச் சனிக்கிழமை கடந்துவிட்டது. அவள் பணம் கட்டவில்லை. பரீட்சை இனிமேல்தான், தேறுவாளோ மாட்டாளோ, நான் அறியேன். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாசலில் அவளைக் கண்டபோது, “எவ்வளவு?” என்று கேட்டேன்.

“61, சாமி” என்றாள். தலை குனியாமல் சொன்னாள்.