சாய்ந்த பக்கம்

சித்திரையில் எங்கள் ஊர்க் கண்மாய் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். காலை ஆறு மணிக்கு, காற்று எழும்புமுன், அங்கே போய்விடுவோம். எனக்கு 52 வயது. ரிமோட் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தம்பிக்கு 26. "பயந்தா இழுக்காதீங்கண்ணே, கையை விட்டுருங்க" என்பதுதான் அவன் சொன்ன முதல் பாடம்.

ஃபோமில் செய்த ட்ரெய்னர் விமானம் அது. இறக்கை உடலுக்கு மேலே இருக்கும். நுனிகள் இரண்டும் லேசாக மேலே தூக்கியிருக்கும். போதிய உயரம் இருந்தால், ஸ்டிக்கை விட்டதுமே சாய்ந்த விமானம் தானாக நிமிர்ந்துகொள்ளும். பெரும்பாலும் கற்பவரின் பதற்றம்தான் அதை விழவைக்கிறது. மூக்கு தாழ்கிறதே என்று எலிவேட்டரை இழுத்துக்கொண்டே இருந்தால் வேகம் செத்து, இறக்கை தாங்கும் வலுவை இழந்து, கல்லைப்போல் இறங்கும். இதைக் கடக்க எனக்கு ஒரு வாரம் போதுமானதாக இருந்தது.

என்னைத் திணறடித்தது வேறொன்று. விமானம் விலகிப் போகும்போது அதன் வலதும் என் வலதும் ஒன்றுதான். திரும்பி என்னை நோக்கி வரும்போது இரண்டும் மாறிவிடும். என் வலப்பக்க இறக்கை தாழ்கிறது, நிமிர்த்துவதாக நினைத்து ஸ்டிக்கை இடதுபக்கம் தள்ளுகிறேன், இன்னும் தாழ்கிறது, இன்னும் தள்ளுகிறேன். 1937இல் அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர் 'கஃப்' என்ற விமானத்தை ரேடியோவால் இயக்கினார்கள். அதற்குப் பெட்ரோல் எஞ்சின். என்னுடையதற்கு லைபோ பேட்டரி. தரையில் நிற்பவனுக்கு எதிரே வருவதன் வலம் இடமாகிவிடுவது மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

மூன்றாம் முறை மூக்கு உடைந்தபோது தம்பி சொன்னான்: "எதிர வரும்போது வலது இடதுன்னு யோசிக்காதீங்க. எந்த றெக்கை தாழுதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைக் கொண்டுபோங்க. வாழைக்கு முட்டுக் குடுக்கிற மாதிரி."

அப்பா வாழை விவசாயி. குலை தள்ளிய மரம் சாய்ந்தால், சாய்கிற பக்கமே போய்க் கம்பை ஊன்றுவார். எதிர்ப்பக்கம் நின்று அவர் இழுத்து நான் பார்த்ததில்லை.

அவர் போய் ஆறு வருடமாகிறது. அம்மாவுக்கு அது நினைவில் நிற்பதில்லை. சாயங்காலமானால் அவரைத் தேடுவாள். "அப்பா செத்துட்டாரும்மா" என்று இரண்டு வருடமாகத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அவளுக்கு அது புதுச் சாவு. அழுவாள், பிறகு, ஏன் முன்பே சொல்லவில்லை என்று என்மீது கோபப்படுவாள். நான் இன்னும் அழுத்திச் சொல்வேன். உண்மையைத்தானே சொல்கிறோம் என்ற நினைப்பில் அவள் முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

பெற்றவளிடம் பொய் சொல்லலாமா என்ற உறுத்தல் இப்போதும் இருக்கிறது. ஆனால் கேள்வி கேட்பது பொய்யில்லை.

நேற்றும் வாசலைப் பார்த்தபடி கேட்டாள்: "உங்கப்பாவை இன்னும் காணோமே?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். "எந்தத் தோட்டத்துக்கும்மா போயிருக்காரு?"

"மேலத் தோட்டத்துக்குத்தான். காத்து அடிக்குதுல்ல, முட்டுக் குடுத்துட்டு வருவாரு. நீ சோத்தை மூடி வையி."