தவறணை அனுமதியும் தாய்க்குடியின் சொல்லும்

ஓர் ஊரில் தவறணை என்னும் மதுக்கடை திறக்க அரசு அனுமதி வழங்கும்போது, அந்தக் கடையால் விளையும் கேட்டை முதலில் சுமப்பவர்களிடம் ஒப்புதல் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறதா என்னும் அறவினா, 2024ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை முழுவதையும் கலக்கியது. அந்த ஆண்டில் 361 மதுபானசாலை அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டிருந்தன என்றும், அவற்றுள் 32 வடக்கு மாகாணத்துக்கும் 22 கிழக்கு மாகாணத்துக்கும் உரியவை என்றும் டிசம்பரில் பாராளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டபோது, பெரும்பாலான ஏடுகளும் மேடைகளும் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டன: எந்த அரசியல்வாதியின் பரிந்துரையில் எந்தக் கடை கிடைத்தது? அக்கேள்வி வேண்டியதே, எனினும் அதைவிட ஆழமான தவறு, பரிந்துரைத்தவர் யார் என்பதில் அன்று, கேட்கப்படாதவர் யார் என்பதிலேயே இருந்தது. ஊர்ப் பெண்களின் சம்மதமின்றி அவ்வூரில் திறக்கப்படும் மதுக்கடை, எல்லா முத்திரைகளும் சரியாகக் குத்தப்பட்டிருந்தாலும், அறத்துக்குப் புறம்பானது.

இந்தத் தீர்ப்பின் வலிமையை உணர, மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில், கல்முனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த களுதாவளை போன்ற ஓர் ஊரின் குடும்ப அமைப்பை நோக்கினால் போதும். சுயம்புலிங்கப் பிள்ளையார் கோயிலாலும் வெற்றிலைத் தோட்டங்களாலும் அறியப்பட்ட இவ்வூரிலும் இதன் அயலூர்களிலும் ‘குடி’ என்னும் சொல்லுக்குத் தாய்வழியாக வரும் குலப்பிரிவு என்பது பொருள். ஒருவர் எந்தக் குடி என்று கேட்டால், தாயின் குடியையே சொல்வார். பழைய முக்குவர் சட்டம், அதாவது சொத்துத் தாய்வழியில் இறங்க வேண்டும் என்று வகுத்திருந்த மட்டக்களப்பு வழக்காறு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீதிமன்றங்களில் வழக்கொழிந்துவிட்ட போதிலும், வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாக எழுதப்படுவதும், மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து குடியேறுவதும் இன்றும் தொடர்கின்றன. ஆகவே இப்பகுதியில் குடிப்பழக்கத்துக்கு ஈடாக வைக்கப்படும் உறுதிப்பத்திரம் பெரும்பாலும் பெண்ணின் பெயரில் உள்ள உறுதியே. அடகுக் கடைக்குப் போவது அவளுடைய தாலிக்கொடியே. மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக அவள் உழைத்து அனுப்பும் பணமே சாராயமாகிக் கரைகிறது. குலத்தைக் குறிக்கும் குடியும் மதுவைக் குறிக்கும் குடியும் ஒரே எழுத்துகளால் ஆனவை; முன்னதைத் தாங்கி நிற்பவளிடம் பின்னதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கப்படுவதில்லை.

தமிழ் அறநூல்கள் இவ்விடயத்தில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. திருக்குறளில் கள்ளுண்ணாமை தனிமனித ஒழுக்கத்தைப் பேசும் அறத்துப்பாலில் இடம்பெறவில்லை என்பதும், ஆட்சியையும் பொருளையும் பேசும் பொருட்பாலில் 93ஆம் அதிகாரமாக, வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் நடுவே வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் கருதத்தக்கன. மதுவை நாட்டின் பொருளழிவாகவும் ஆட்சியின் பொறுப்பாகவும் வள்ளுவர் கண்டார் என்பதற்கு இந்த வைப்புமுறையே சான்று. அவ்வதிகாரத்திலேயே, மகன் எதைச் செய்தாலும் பொறுத்துக்கொள்ளும் தாயின் முகத்துக்கு முன்பும் குடிமயக்கம் வெறுக்கத்தக்கது, சான்றோர் முன் எப்படியிருக்கும் என்னும் கருத்து வருகிறது. குடியைப் பற்றிய வழக்கில் வள்ளுவர் அழைக்கும் சாட்சி மன்னனும் அல்லன், புலவனும் அல்லன், தாய். திருமூலரும் திருமந்திரத்தின் முதல் தந்திரத்தில் கொல்லாமைக்கும் பிறன்மனை நயவாமைக்கும் அருகில் கள்ளுண்ணாமையைத் தனித் தலைப்பாக நிறுத்தினார். மணிமேகலையிலோ, பொருளைச் சூதிலும் பரத்தையிடத்தும் தொலைத்துக் கடலோடிய சாதுவன், மரக்கலம் உடைந்து நாகர் வாழும் மலைப்பக்கத்தில் ஒதுங்கியபோது, நாகர் தலைவன் கொடுத்த கள்ளை மறுத்து, அதை ஒதுக்குவதன் நியாயத்தையும் அவனுக்கு எடுத்துரைக்கிறான். அந்தச் சாதுவனின் மனைவி ஆதிரை கையாலேயே மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை விழுகிறது. கணவனின் கேட்டைத் தாங்கியவளே ஊரின் பசி தீர்க்கும் அறத்தைத் தொடங்கிவைக்கத் தகுதியுடையவள் என்று காப்பிய ஆசிரியர் சாத்தனார் கொண்ட முடிவு தற்செயலானதன்று.

மட்டக்களப்பு மண்ணுக்கு இவையனைத்தினும் நெருங்கியது கண்ணகி கதை. வைகாசி மாதத்தில் இப்பகுதியின் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடக்கும்போது பாடப்படும் காவியத்தின் பெயரே ‘கண்ணகி வழக்குரை’. வழக்கை எடுத்துரைத்தல் என்பது அதன் பொருள். பாண்டியன் செய்த பிழை யாது?  கேளாமல், ஆராயாமல், ஒருவர் சொன்ன சொல்லை நம்பி ஆணை பிறப்பித்தான். அந்த ஆணையால் அழிந்தது ஒரு பெண்ணின் வாழ்வு. மதுவரித் திணைக்களத்தின் கோப்பில் ஒரு பரிந்துரைக் கடிதத்தை நம்பி இடப்படும் கையொப்பமும் ஆராயா ஆணைதான். சடங்கு நாட்களில் அம்மனுக்காக மதுவையும் புலாலையும் விலக்கி வைக்கத் தெரிந்த ஊர்கள், அம்மன் சொன்ன நியாயத்தை மற்ற நாட்களில் கோயில் வாசலிலேயே விட்டுவிட்டு வருவது பெருங்குறை.

பெண்கள் இத்தகைய வினாக்களில் பேசவில்லை என்று சொல்வோர் வரலாற்றை அறியாதவர். 1914இல் ‘நொறுங்குண்ட இருதயம்’ என்ற நாவலை எழுதிய மங்களநாயகம் தம்பையா, கணவனின் கொடுமையை வீட்டுச் சுவருக்குள் அடைத்து வைக்காமல் அச்சில் ஏற்றினார். யாழ்ப்பாணத்தில் மங்களம்மாள் மாசிலாமணி 1923 முதல் ‘தமிழ்மகள்’ என்ற இதழை நடத்தி, பெண்ணின் கல்வியையும் உரிமையையும் பெண்ணே எழுதும் பொருளாக்கினார். மலையகத்தில் மீனாட்சியம்மாள் நடேசையர் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பாடுவதற்கென்றே பாட்டுகள் இயற்றி, 1940இல் நூலாகவும் வெளியிட்டார். 1927இல் தொடங்கப்பட்ட பெண்கள் வாக்குரிமைச் சங்கம், அரசியல் சீர்திருத்தத்தை ஆராய்ந்த டொனமூர் ஆணைக்குழுவின் முன் சென்று வாதாடியது. பொன்னம்பலம் இராமநாதனைப் போன்ற பெருந்தலைவர்களே எதிர்த்தும், 1931இல் 21 வயது நிரம்பிய பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே வாக்கு கிடைத்தது. பின்னாளில் மட்டக்களப்பிலேயே சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்குத் துணை நின்றும், பெண்களின் எழுத்தைப் பதிப்பித்தும் அந்த மரபை வளர்த்தது. எழுத்து, வாக்கு, வீட்டுக்குள் பாதுகாப்பு ஆகிய மூன்றும் ஒரே கொடியின் கணுக்கள் என்பதை இவர்கள் வாழ்ந்தே காட்டினர்.

ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டம் இவ்வுண்மையைத் துலக்கமாகக் காட்டியது. அங்கு எழுத்தறிவு இயக்கத்தின் பாடப்புத்தகத்தில், தன் ஊர்ச் சாராயக் கடையை மூடச்செய்த சீத்தம்மா என்பவளின் கதை ஒரு பாடமாக இருந்தது. 1992இல் தூபகுண்டா என்ற சிற்றூரின் பெண்கள் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். வாசித்ததைச் செய்தும் காட்டினார்கள். அந்தத் தீ மாவட்டம் கடந்து மாநிலமெங்கும் பரவி, 1993 அக்டோபரில் சாராய விற்பனையை நிறுத்தியது. 1995இல் முழு மதுவிலக்கு வந்தது. 1997இல் அரசின் வருவாயைக் காரணம் காட்டி அது தளர்த்தப்பட்டபோது, தீர்மானித்த மேசையில் தூபகுண்டாவின் பெண்கள் இல்லை. ஐஸ்லாந்திலும் ஏறத்தாழ இதுவே நடந்தது. பிரியெத் பியார்ன்ஹெதின்ஸ்தோத்திர் 1895இல் பெண்களுக்கெனப் பத்திரிகை தொடங்கினார். ஓலாவியா யோஹான்ஸ்தோத்திர் மதுவிலக்குக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் தம் வாழ்வைக் கொடுத்தார். ஆயினும் 1908இல் மதுவிலக்கைப் பற்றிய பொதுவாக்கெடுப்பு அந்நாட்டில் நடந்தபோது வாக்களித்தவர்கள் ஆண்கள். நாற்பது வயது கடந்த பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தல் வாக்கு 1915இல்தான் கிடைத்தது. பின்னர் 1922இல், தன் திராட்சை மதுவை வாங்காவிட்டால் உப்பிட்ட மீனை வாங்கமாட்டோம் என்று ஸ்பெயின் அழுத்தியதும் அந்த விலக்கு தளர்ந்தது. வணிகத்தின் குரல் எங்கும் எளிதில் கேட்கிறது.

இலங்கை அரசு பெண்ணை மதுவோடு இணைத்துப் பார்த்தது ஒரே ஒரு முறையில்தான். பெண்களுக்கு மது விற்பதைத் தடுத்த 1979ஆம் ஆண்டின் அறிவித்தல் 2018 ஜனவரியில் நீக்கப்பட்டு, சில நாட்களுக்குள் சனாதிபதியின் தலையீட்டால் மீண்டும் நிலைநாட்டப்பட்டது. அந்தச் சில நாட்களில் பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றி ஆண்கள் நிறையப் பேசினார்கள். கடையின் முன்வாசலில் அவள் நிற்கலாமா என்று சட்டம் கேட்டது; அவள் வீட்டு முன்வாசலில் கடை நிற்கலாமா என்று கேட்கவில்லை. பெண்ணைக் காப்பதாகச் சொல்லி அவளை விலக்கி வைப்பது காவலாகாது. அவளிடம் முடிவைக் கொடுப்பதே காவல்.

மறுபக்கத்திலும் நியாயம் உண்டு. வளர்ந்த ஒருவன் தன் உழைப்பின் பணத்தில் எதைக் குடிக்கலாம் என்று அயலவர் தீர்மானிப்பது தனிமனித உரிமையில் கைவைப்பதாகும் என்பதும், கடையை மூடினால் கசிப்பு என்னும் கள்ளச்சாராயம் பெருகும் என்பதும் புறந்தள்ளத்தக்க வாதங்கள் அல்ல. அதியமானோடு கள்ளைப் பகிர்ந்துண்டதை ஔவையார் புறநானூற்றில் நெகிழ்ந்து நினைவுகூர்கிறார். ஆயினும் நட்பில் பகிரப்பட்ட அந்தக் கள், உரிமம் பெற்று, வரி கட்டி, கூலி கிடைக்கும் நாள் பார்த்து வயல் வேலைக்காரனை வழிமறிக்கும் சரக்கு அன்று. ஒருவனின் உரிமை மற்றொருத்தியின் அடுப்பை அணைக்கும் இடத்தில் நின்றுவிடுகிறது. கசிப்பை ஒழிப்பது காவல்துறையின் கடமையேயன்றி, நல்ல சாராயத்தைத் திறந்துவைப்பதால் கைகூடும் பணி அன்று.

வருவாயைக் காரணம் காட்டும் வாதம் இதனினும் மெலிந்தது. அருளோடும் அன்போடும் வாராத செல்வத்தை ஏற்காமல் விட்டுவிடுக என்று பொருள்செயல்வகை அதிகாரம் ஆட்சியாளருக்கே சொல்கிறது. 2017இல் மட்டக்களப்பு மாவட்டத்துக் கல்குடாவில் எரிசாராய உற்பத்திச்சாலை எழுந்தபோதும் வேலைவாய்ப்பும் வரியுமே முன்வைக்கப்பட்டன, மாவட்டம் எதிர்த்தது, செய்தி சேகரிக்கச் சென்ற ஊடகவியலாளர் தாக்கப்பட்டனர். கேட்கக் கூடாது என்ற மனநிலை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு அதுவே போதும்.

செய்யவேண்டியது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதும் அன்று. ஊரார் வாக்களித்துத் தவறணையை மூடச்செய்யும் உள்ளூர் வாக்கெடுப்பு முறை, ஆங்கிலேயர் ஆட்சியிலேயே இலங்கையில் இருந்தது. 1920களில் பல கடைகள் அப்படி மூடப்பட்டன. அதை மீட்டு, கடை மூடுவதற்கு மட்டுமின்றித் திறப்பதற்கும் கட்டாயமாக்கி, விண்ணப்பம் வந்த செய்தியை மாதர் சங்கத்துக்கும் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் எழுத்தில் அறிவித்து, கிராம சேவகர் பிரிவின் பெண் வாக்காளர்களுள் பெரும்பான்மையோர் ஒப்பினாலன்றி அனுமதிப்பத்திரம் இல்லை என்று சட்டம் வகுக்கலாம். வாக்கெடுப்புக்குப் பாடசாலை மண்டபம் இருக்கிறது. வாக்காளர் பட்டியலும் இருக்கிறது. பெண்களின் பெயர்கள் அதில் 1931 முதல் இருக்கின்றன.