உடலை வைத்த இடம்



1933இல் தொடங்கிய ஜான்-டலோன் சந்தையில் சனிக்கிழமைகளில் நம்மவர்கள் பேசாத விடயம் இல்லை. அண்மையில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே அடியார் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "ஐயா, அமெரிக்காவில் செத்த உடம்பை உறைய வைத்து, பிறகொரு காலம் எழுப்பலாமென்று காசு கட்டுகிறார்களாமே. நம் சமயம் என்ன சொல்லுது?"

திருமூலரை நினையுங்கள். சாத்தனூரில் மேய்ப்பன் மூலன் இறந்துகிடக்க, பசுக்கள் கதறின. கயிலையிலிருந்து வந்த யோகியார் தம் உடலைக் காவலாக ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலனுடைய உடலிற் புகுந்தார். திரும்பி வந்தால் வைத்த உடலைக் காணோம்! இறைவன் மறைத்துவிட்டான். அவர் கிடைத்த உடலோடு இருந்தே திருமந்திரம் அருளினார். தசரதன் உடலையும் எண்ணெயில் வைத்தார்கள். எழுப்புவதற்கல்ல, பரதன் வந்து கடன் கழிப்பதற்கு.

அமெரிக்காவில் 1967இல் முதன்முதலாக உறைய வைத்த ஜேம்ஸ் பெட்ஃபோர்டின் உடல் இன்னும் அரிசோனாவில் இருக்கிறது. இதுவரை ஒருவரும் எழுந்ததில்லை. மிச்சிகன் நிலையம் ஒன்று குறைந்தது 28,000 டொலர் கேட்கிறது; பலர் ஆயுட்காப்புறுதியால் அதைக் கட்டுகின்றனர். 1970களில் கலிபோர்னியாவின் சட்ஸ்வேர்த்தில் பணம் வருவது நின்றதும், வைத்த உடல்கள் உருகிக் கெட்டன. அதன் பின்னரே முழுப் பணத்துக்கும் முன்கூட்டியே ஒழுங்கு செய்யும் வழக்கம் வந்தது.

வராத ஒரு நாளுக்கு அவர்கள் இவ்வளவு எழுதி வைக்கிறார்கள். கட்டாயம் வரும் நாளுக்கு நாமோ, "சகுனம் சரியில்லை" என்று வாயைக்கூடத் திறப்பதில்லை.

1994 முதல் நடைமுறையிலுள்ள கியூபெக் குடியியற் சட்டக்கோவைப்படி, இறுதிக் கிரியை பற்றிய விருப்பத்தை நாம் சொல்லி வைக்காவிட்டால் வாரிசுகளே தீர்மானிப்பர். மரணசாதனம் இல்லையேல், குடும்பச் சொத்தில் மனைவிக்குரிய பங்கு போக, எஞ்சியதில் அவருக்கு மூன்றிலொன்று, பிள்ளைகளுக்கு மூன்றிலிரண்டு. எல்லாம் மனைவிக்கே என்று நம்பியிருப்போர் நம்மில் அநேகர். சொந்தக் கையாலும் எழுதலாம், இரு சாட்சிகள் முன்னும் எழுதலாம். ஆனால் நொத்தாரிசு முன் எழுதியதற்கே பின்னர் சரிபார்ப்பு வேண்டியதில்லை.

நினைவு தப்பினால் நம் காரியத்தை யார் பார்ப்பது என்பதற்குப் பாதுகாப்பு ஆணைப்பத்திரம் தனியே உண்டு; அதையும் அதே நாளில் முடிக்கலாம். அஸ்தியைக் கீரிமலைக்குக் கொண்டுபோவதா, இங்கேயே கரைப்பதா, தேவாரம் பாடுவது யார் என்பவற்றையும் எழுதுங்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு விளங்கும்படி, பிரெஞ்சிலும் ஒரு பிரதி வையுங்கள்.