தட்டில் கலந்தாச்சு... பந்தியில்?

மேலூர்ப் பக்கம் ஒரு துக்கம் விசாரித்துவிட்டு மதுரைக்குத் திரும்பும்போது இரவு எட்டு மணி. நல்ல பசி. காரில் நான், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், கல்லூரியில் படிக்கும் அவருடைய பேரன். ஓட்டி வந்தது வாடகைக் கார் டிரைவர் தம்பி.

"தாத்தா, ஒரு புது ஓட்டல் இருக்கு. இத்தாலிச் சாப்பாட்டையும் நம்மூரு சாப்பாட்டையும் கலந்து தர்றாங்க" என்றான் பேரன். போனோம்.

மெனு கார்டைப் பார்த்ததும் வாத்தியாருக்கு முகம் மாறிவிட்டது. மட்டன் சுக்கா போட்ட பீட்சா. எண்ணெய்க் கத்திரிக்காய் சேர்த்த பாஸ்தா. கறிவேப்பிலைப் பொடி தூவிய பூண்டு ரொட்டி.

"என்னய்யா இது கலப்படம்? சுக்கான்னா சுக்கா. ரொட்டின்னா ரொட்டி. ரெண்டையும் சேர்த்தா ரெண்டும்ல கெட்டுப்போகும்!"

அவரைப் பழைய பஞ்சாங்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. அம்மியில் அரைத்து, கை மணம் சேர்ந்து, நாலு தலைமுறை நாக்கு சரிபார்த்து உருவானது ஒரு ருசி. அதை அவசரத்தில் இன்னொன்றின் தலையில் கொட்டினால், நாளைக்கு அசல் எப்படி இருந்தது என்று சொல்லக்கூட ஆள் இருக்காது. நீங்களும் நானும் இதே கவலையை எப்போதாவது பட்டிருப்போம்.

ஆனால், எது அசல்?

இத்தாலி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தக்காளி சாஸ். அந்தத் தக்காளி இத்தாலியில் விளைந்ததே இல்லை, 1492-ல் கொலம்பஸ் கடல் தாண்டிய பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சேர்கிற வரைக்கும். இத்தாலியில் தக்காளி சாஸுக்குச் செய்முறை அச்சில் வந்ததே 1690-களில், நேப்பிள்ஸ் நகரத்தில். அதற்கும் 'ஸ்பெயின் பாணி' என்றுதான் பெயர் வைத்தார்கள்!

நம்ம கதையும் அதேதான். சுக்காவுக்குக் காரம் தருகிற மிளகாய், அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தது. அதுவரை நமக்குக் காரம் என்றால் மிளகு. மிளகு மாதிரி காரமான காய் என்பதால்தான் 'மிளகாய்' என்றோம். இன்றைக்கு மிளகாய் இல்லாத குழம்பை எந்தத் தாய்மாராவது குழம்பு என்று ஒத்துக்கொள்வார்களா?

இன்னும் பக்கத்தில் பாருங்கள். அவசரத்துக்கு உப்புமா, விசேஷத்துக்குப் பாயசம் என்று சேமியாவை எத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறோம்! அதே வகை நூலைத்தான் இத்தாலிக்காரன் வெர்மிசெல்லி என்கிறான். மதுரைக்கு வடக்கே திண்டுக்கல்லில் சேமியா ஆலைகளே இருக்கின்றன. மதுரையின் பெருமையாக நாம் சொல்லும் ஜிகர்தண்டாவின் பெயரில் ஒரு எழுத்துகூடத் தமிழ் இல்லை.

இதையெல்லாம் நான் அடுக்க, வாத்தியார் சிரித்துவிட்டார். "சரிய்யா, ஜெயிச்சுட்ட. அந்தச் சுக்கா ரொட்டியையே சொல்லு." வந்தது. சாப்பிட்டோம். சொன்னால் நம்பமாட்டீர்கள், இரண்டாவது துண்டை அவர்தான் முதலில் எடுத்தார்.

நானும் விடவில்லை. இத்தாலியும் மதுரையும் கலந்தது இன்றைக்கு நேற்றைக்கு அல்ல என்று ராபர்ட் டி நொபிலி கதையை எடுத்தேன். ரோமில் 1577-ல் பிறந்தவர். 1606-ல் மதுரைக்கு வந்த பாதிரியார். காவி உடுத்தினார், கட்டையில் செய்த பாதரட்சை அணிந்தார், தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். புலால் விட்டார். ஒருநாளைக்கு ஒருவேளை மட்டும் சைவச் சாப்பாடு, அதுவும் பிராமணச் சமையல்காரர் கையால். ரோமாபுரி நாக்கை மதுரைச் சோற்றுக்குப் பழக்கிய மனிதர்! அவர் செய்தது சரியா தப்பா என்று கோவாவிலும் ரோமிலும் வருஷக்கணக்கில் வாதம் நடந்து, 1623-ல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

"இதுக்குப் பேர்தான் மரியாதை. அடுத்தவன் வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி அவன் சோத்தைச் சாப்பிடப் பழகணும்" என்றார் வாத்தியார்.

அப்போது பேரன் கேட்டான். "தாத்தா, அவருக்கு முன்னாடியே மதுரைல பாதிரியார் யாரும் இல்லையா?"

இருந்தார். கொன்சாலோ பெர்னாண்டஸ் என்று ஒருவர். டி நொபிலி அவரோடு தங்குவதை விட்டார், அவரோடு உண்பதையும் விட்டார். அவர் மீனவர்களான பரதவர்களோடு புழங்குபவர், 'பரங்கி' என்று ஊர் ஒதுக்கி வைத்தவர். அவரோடு உட்கார்ந்தால் மேல்சாதிக்காரர்கள் தன்னை ஏற்கமாட்டார்கள் என்பது டி நொபிலியின் கணக்கு. பிறகு 1640 வாக்கில், மற்ற சாதி மக்களுக்கென்று 'பண்டார சுவாமிகள்' என வேறு குருமாரையே ஏற்படுத்த வேண்டி வந்தது.

பாருங்கள், எவ்வளவு பெரிய மனது, எவ்வளவு சின்ன பந்தி! கடல் தாண்டி வந்து இன்னொரு நாட்டுச் சோற்றைத் தன்னுடையதாக்கிக்கொள்ள முடிந்த ஒருவருக்கு, பக்கத்தில் இருந்த சொந்தச் சபைக்காரரோடு உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை.

இதைச் சொல்லி முடித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

டிரைவர் தம்பி எங்கே?

காரை நிறுத்தியதும், "நீங்க சாப்ட்டு வாங்க சார். நான் அங்கிட்டு கடையில பாத்துக்கிறேன்" என்று அவர் சொன்னார். "சரி தம்பி" என்று நாங்கள் இறங்கிவிட்டோம். யாரும் தப்பாக எதுவும் சொல்லவில்லை. அவர் சாதி எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. கேட்காமலேயே மூன்று பேருக்கு மேசை சொன்னோமே, அது எப்படி?

மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களை வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றது 1939 ஜூலை 8 அன்று. பொது உணவகங்களிலும் ஓட்டல்களிலும் சாதி, மதம் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்பது அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவில் இருக்கிறது. அது நடைமுறைக்கு வந்தது 1950-ல். சோறு தின்கிற இடத்தின் பெயரை அரசியல் சட்டத்தில் எழுதிவைக்க வேண்டியிருந்தது என்றால், இந்த நாட்டில் பந்தி எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்க வேண்டும்!

சட்டம் வாசலைத் திறந்துவிடும். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போடுவது சட்டத்தின் வேலை இல்லை. அது உங்கள் வேலை, என் வேலை.

எழுந்து வெளியே போனேன். எதிர்க் கடையில் கை கழுவிக்கொண்டிருந்தார் தம்பி. "உள்ள வந்திருக்கலாமே தம்பி..." என்று இழுத்தேன். "இருக்கட்டும் சார், நாலு புரோட்டா ஆச்சு. உள்ள வந்தா எனக்கு என்ன கேக்கணும்னே தெரியாது" என்றார். குரலில் வருத்தம் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

ஒருவேளை முதலிலேயே கூப்பிட்டிருந்தாலும் அவர் தயங்கியிருக்கலாம். கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்கார வைப்பதும் ஒருவகை அதிகாரம்தான். அப்படியானால் என்ன செய்வது? கடையைத் தேர்ந்தெடுக்கும்போதே ஒரு தலையைக் கூட்டிக்கொள்ளலாம். "தம்பி, உங்களுக்கு எங்க சாப்பிட்டா தோது?" என்று இறங்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சுக்காவையும் பீட்சாவையும் கலக்கலாமா என்று ஒரு மணி நேரம் வாதாடினோம். தாராளமாகக் கலக்கட்டும், ருசி இருந்தால் நிற்கும், இல்லாவிட்டால் தானே போய்விடும். நாக்கு எதையும் பழகிக்கொள்ளும்.

அடுத்த தடவை நீங்கள் காரில் குடும்பத்தோடு போகும்போது ஓட்டல் வாசலில் வண்டி நிற்கும். எத்தனை பேர் என்று சர்வர் கேட்பார்.

எண்ணிவிட்டுச் சொல்லுங்கள்.