கிரகங்களின் குரல்

கிரகங்களைப் பற்றிய ஆவணப்படங்களில் சிந்தசைஸர் இசை ஒரு மரபாகிவிட்டது. 1980ல் வெளியான கார்ல் சேகனின் ‘காஸ்மாஸ்’ தொடரில் வாஞ்செலிஸ், இஸாவோ டொமிட்டா இருவரின் இசையும் உண்டு. டொமிட்டாவினுடையது பாஹின் இசையை மின்னொலியில் மறுஆக்கம் செய்தது. கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆட்சேபணை அதுபற்றியல்ல.

வயலின் ஒலித்தால் யாரோ வாசிக்கிறான் என்பது தெரியும். அந்தச் சோகம் அவனுடையது, சனியினுடையதல்ல. மூச்சும் விரலும் புலப்படாத மின்னொலியோ தன் கர்த்தாவை மறைத்துக்கொள்கிறது. திரையில் வளையங்கள் சுழல, அவையே பாடுவதாக மனம் ஏற்கிறது. நம் பரவசத்தைக் கிரகத்தின் வாயில் வைத்துவிட்டு அதன் வாக்காகக் கேட்கிறோம். விஞ்ஞானத்தின் பெயரால் நடப்பதால் இதைப் பொய் என்று சொல்லவும் கூச்சம்.

செவ்வாய்க்கு நிஜமாகவே ஒலி உண்டு. 2021ல் பெர்சிவரன்ஸ் ஊர்தியின் ஒலிவாங்கிகள் அதைப் பதிவு செய்தன: மெலிந்த காற்று, தரையில் சக்கரங்கள் அரைபடும் சத்தம். வாயுமண்டலத்தின் அழுத்தம் பூமியினுடையதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் என்பதால் எல்லாமே அமுங்கிக் கேட்கிறது. கீச்சொலிகளைக் கரியமிலவாயு விழுங்கிவிடுகிறது. பிரமிப்பூட்டும் உத்தேசமே அதற்கில்லை. இசை சேர்க்காமல் ஐந்து நிமிஷம் அதை மட்டும் ஒலிக்கவிட எந்தத் தயாரிப்பாளர் துணிவார்? பார்வையாளர் எழுந்து போய்விடுவார் என்ற அவருடைய பயம் நியாயமானதுதான்.