லேபிளின் பின்பக்கம்

டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறக்கும். சித்திரை வெயிலில் நெற்குப்பையிலிருந்து பொன்னமராவதிப் பக்கமோ திருப்பத்தூர்ப் பக்கமோ வண்டியை எடுத்துப் போகிறவர், கம்பிக்குள் கையை நீட்டிக் கேட்கும் முதல் கேள்வி "கூலிங் இருக்கா?" என்பதுதான். அடுத்தது "ஸ்ட்ராங்ல என்ன இருக்கு?" பிராண்டின் பெயர் மூன்றாவதாக வரும், சில நாள் வராமலே போகும். இருப்பதில் ஒன்றை வாங்கி வந்து நிழல் பார்த்து உட்கார்ந்த பிறகுதான் பேச்சு தொடங்கும். "என்ன இருந்தாலும் நம்ம பிராண்டு மாதிரி வராதுப்பா."

இதைப் பல வாய்களிலிருந்து கேட்டிருக்கிறேன். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை, மனசாரத்தான் சொல்கிறார். அவர் நாக்கு எதைக் கண்டுபிடித்து அப்படிச் சொல்கிறது என்பதுதான் சில நாளாக என் யோசனை.

*

டாஸ்மாக், அதாவது தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், 1983-ல் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கப்பட்டது. 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. கிங்ஃபிஷர், பிரிட்டிஷ் எம்பயர், ஹேவர்ட்ஸ் 5000 என்று பெயர்கள் பல. பாட்டில் பெரும்பாலும் ஒன்றுதான்: 650 மில்லி, பழுப்புக் கண்ணாடி. உள்ளே இருப்பதும் ஏறக்குறைய ஒரே முறையில் செய்ததுதான்.

பார்லியை ஊறவைத்து முளைகட்டிக் காயவைத்தால் மால்ட். அதோடு அரிசியோ மக்காச்சோளமோ சேர்த்து வெந்நீரில் ஊறவிட்டுச் சாறெடுப்பார்கள். கசப்புக்கு ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, குளிரில் வேலை செய்கிற ஈஸ்ட்டை விடுவார்கள். நொதித்து அடங்கியதும் வடிகட்டி, பாட்டிலில் அடைத்து, சூடேற்றிக் கிருமி நீக்கி அனுப்பிவிடுவார்கள். இந்த வகைக்கு லாகர் என்று பெயர். உலகத்தில் விற்கும் பீரில் பெரும்பங்கு இதுதான். யாருக்கும் பிடிக்காமல் போய்விடக் கூடாது என்று கசப்பைக் குறைத்து, மணத்தைக் குறைத்து, கனத்தைக் குறைத்து வந்ததில், ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாக நடந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

எல்லா பீரும் ஒன்று என்று சொல்லவில்லை. கருகக் கருக வறுத்த பார்லியில் செய்யும் ஸ்டவுட்டையும் லாகரையும் கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தாலும் யாரும் பிரித்துவிடலாம். ஜெர்மன் முறையில் செய்த கோதுமை பீரில் வாழைப்பழ வாசனை தூக்கலாக இருக்கும்; அது ஈஸ்ட் கொடுப்பது. 5 சதவீதத்துக்கும் 8 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தொண்டையே சொல்லிவிடும். வழக்கு அங்கே இல்லை. ஒரே வகை, ஒரே ஏத்தம், வேறு வேறு பெயர். அங்கேதான் வழக்கு.

*

1964-ல் அமெரிக்காவில் ஆலிசன், ஊல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வழக்கமாக பீர் குடிக்கிற 300-க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு லேபிள் இல்லாத பாட்டில்களைக் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். மொத்தத்தில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அவரவர் விசுவாசமாகக் குடித்துவந்த பிராண்டுக்கும் தனிச் சலுகை கிடைக்கவில்லை. பிறகு அதே பீரை லேபிளோடு கொடுத்தார்கள். மதிப்பெண் ஏறியது, சொந்த பிராண்டு முன்னால் வந்து நின்றது.

பெயரைப் பார்த்தவுடன் ருசி கூடியது என்றால், கூடிய ருசி பொய்யா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. குடித்தவருக்கு அது நிஜமாகவே கூடுதலாக ருசித்திருக்கிறது. முதல் சம்பளத்தில் வாங்கிய பாட்டில், கூட இருந்த சிநேகிதன், அன்றைய மழை, விளம்பரம் எல்லாம் நாக்குக்கு முன்பே போய் உட்கார்ந்துவிடுகின்றன. நாக்கு தனியாக எப்போது ருசி பார்த்தது?

*

வித்தியாசம் தெரிகிறதா என்று சோதிக்க ஒரு எளிய முறை உண்டு. 1940-களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆலையில் உருவானது. மூன்று தம்ளர், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. அந்த ஒன்று எது என்று சொன்னால் போதும். பேர் சொல்ல வேண்டாம், மார்க் போட வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் மூன்றுக்கு ஒரு தடவை சரியாக வரும் என்பதால், ஒருவர் ஒரு தடவை ஜெயித்தார் என்பது கணக்கில் வராது. கொஞ்சம் பேரை வைத்துச் செய்த சோதனையை எவ்வளவு நம்பலாம் என்பதற்கான கணக்கும் ஒரு பீர் ஆலையிலிருந்து வந்ததுதான். கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த காஸெட், ஆலை விதிப்படி சொந்தப் பெயரைப் போட முடியாமல், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் அதை 1908-ல் வெளியிட்டார். இன்று கல்லூரியில் புள்ளியியல் படிக்கிற எல்லாரும் அந்தப் பெயரை மனப்பாடம் செய்கிறார்கள்.

மூன்று தம்ளர் சோதனையை ஒரு வைகாசிச் சாயங்காலம் சொந்தக்காரர் தோப்பில் செய்து பார்த்தோம். வீட்டில் நடக்கிற காரியம் இல்லை, வளவில் ஆச்சி இருக்கிறார்கள். மோட்டார் கொட்டகைக்குள் ஒருவர் ஊற்ற, இன்னொருவர் வெளியே எடுத்துவந்து வைத்தார். ஊற்றியவர் முகத்தைப் பார்த்து யூகிக்க இடம் தரக் கூடாது அல்லவா. கண்ணாடித் தம்ளர், அடியில் சாக்பீஸ் புள்ளி. சாய்வெயிலில் தூக்கிப் பிடித்தால் மூன்றும் ஒரே வைக்கோல் நிறம், மூன்றிலும் ஒரே விரற்கடை நுரை. வேர்க்கடலையை முடியும்வரை தொடக் கூடாது என்று சொன்னதற்குத்தான் பெரிய எதிர்ப்பு கிளம்பியது.

எங்கள் அயித்தான் ஒருவர் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஒரே பிராண்டுக்காரர். பெயர் இங்கே வேண்டாம். முதல் தம்ளரை வாயில் வைத்ததும், "இதுதான் நம்ம சரக்கு. கசப்பு அடித்தொண்டைல நிக்குது பாருங்க" என்றார். அது அவருடையது இல்லை. அடுத்த சுற்றில் வேறொன்றைக் காட்டினார், அதுவும் இல்லை. மற்றவர்களும் அப்படித்தான்: சரியாகச் சொன்னவர் மறுசுற்றில் தவறினார், தவறியவர் சரியாகச் சொன்னார். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. தம்ளரை மூக்கருகில் வைத்து ஒவ்வொருவரும் நிஜமாகவே கவனித்தார்கள். குடிக்க உட்கார்ந்த கூட்டம் இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

கடைசிச் சுற்றில் ஒரு தம்ளரை எல்லாருமே தள்ளி வைத்தார்கள். "என்னப்பா இது, நனைஞ்ச அட்டப்பொட்டி மாதிரி இருக்கு" என்றார் அயித்தான். கொட்டகைக்குள் இருந்தவர் சிரித்துக்கொண்டே பாட்டிலை எடுத்துவந்து காட்டினார். அயித்தானுடைய அதே பிராண்டு. போன மாதம் வாங்கி, அவர் காரின் டிக்கியிலேயே உருண்டுகொண்டு கிடந்தது. இரண்டு கம்பெனிக்கு நடுவில் யாராலும் காண முடியாத வித்தியாசத்தை, ஒரே கம்பெனியின் இரண்டு பாட்டிலுக்கு நடுவில் எல்லாரும் கண்டுகொண்டார்கள்.

*

நனைந்த அட்டை என்று அவர் சொன்னது அலங்காரப் பேச்சு இல்லை. பீர் ஆலைகளில் ருசி பார்க்கிறவர்களும் அந்த வாடையை அப்படித்தான் குறிக்கிறார்கள். அடைக்கும்போது தப்பி உள்ளே நின்றுவிடுகிற துளி ஆக்சிஜன் மெல்ல மெல்ல வேலை செய்வதில் வருவது. குளிரில் அது மிக மெதுவாக நடக்கும், சூட்டில் ஓடும். தொழிலில் இருப்பவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: மூன்று, முப்பது, முந்நூறு. 32 டிகிரி செல்சியஸில் 3 நாள் கிடந்தால் பீருக்கு எவ்வளவு வயசாகுமோ, அவ்வளவு வயசு 22 டிகிரியில் ஆக 30 நாள் வேண்டும், 3 டிகிரியில் 300 நாள் வேண்டும். துல்லியமான விதி இல்லை, போக்கைக் காட்டுகிற கணக்கு. நம் பக்கத்துக் கோடையில் நிழலிலேயே 38 டிகிரி. வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் 50-ஐத் தாண்டும்.

வெளிச்சம் இன்னொரு பகை. ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெயில் பட்டால் உடைந்து, கந்தகம் கலந்த ஒரு மிருக நெடியைக் கொடுக்கும். பழுப்புக் கண்ணாடி அதைப் பெருமளவு தடுக்கிறது, பச்சைக் கண்ணாடி அவ்வளவாகத் தடுப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பச்சைப் பாட்டிலில் அந்த நெடி அடித்தால், அதுதான் அசல் ஃபாரின் ருசி என்று தலையாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் வாதாடுவதில்லை.

ஆலைகளில் இதற்கென்றே ஆட்கள் உண்டு. வெண்ணெய் வாடை, பச்சை ஆப்பிள் வாடை, அட்டை வாடை என்று ஒவ்வொன்றையும் துளித் துளியாகக் கலந்து கொடுத்துப் பழக்குகிறார்கள். கொதிக்கிற சாம்பாரின் ஆவியை முகர்ந்தே உப்புப் போதாது என்று சொல்கிற நம் கல்யாணச் சமையல்காரரின் மூக்குதான் அது. பிறவியில் வந்ததல்ல, தினம் கவனித்துப் பழகியது. நாக்கால் முடியாது என்பதில்லை. நாம் அதனிடம் கேட்பதே இல்லை.

கேட்டாலும் அதற்குப் பதில் சொல்ல நேரம் கொடுப்பதில்லை. பனிக்கட்டிக் குளிரில் நாக்கு மரத்துவிடும், மணம் மேலே எழும்பாது. கூடவே மிளகு தூக்கிப் போட்ட கோழி வறுவல். செட்டிநாட்டுக் காரத்தை முதலில் வாயில் போட்டுவிட்டு அப்புறம் இரண்டு லாகருக்குள் வித்தியாசம் சொல்கிறேன் என்பவரின் தைரியத்தை மெச்சலாம், தீர்ப்பை ஏற்க முடியாது.

*

முன்னொரு காலத்தில் ஒரு சடங்கு இருந்தது. பாட்டிலைத் திறந்து தலைகீழாகத் தண்ணீர்த் தம்ளருக்குள் பிடிப்பார்கள். கம்பி கம்பியாக ஏதோ கீழே இறங்கும். "கிளிசரின் இறங்குது" என்பார்கள். அதை இறக்கிவிட்டால்தான் மறுநாள் தலைவலிக்காதாம். பீர் தண்ணீரைவிடச் சற்று கனம், இறங்கியது பீரேதான். அதற்குப் பின் ருசி மாறிவிட்டது என்று சத்தியம் செய்தவர்களை எனக்குத் தெரியும். மாறியிருக்கும், கொஞ்சம் தண்ணீர் மேலே ஏறியிருக்குமே.

*

பயண நூல்களும் மாவட்ட நூல்களும் எழுதிய சோமலெ பிறந்த ஊர் நெற்குப்பை. கடல் கடந்து போய் வருவது இங்கே செய்தியே அல்ல. மலேயாக் கடைகளிலிருந்து திரும்பிய பெரியவர்கள் சிலருக்கு டைகர், சிலருக்கு ஆங்க்கர். இரண்டு கட்சிக்கும் சமாதானம் கிடையாது. டைகர் 1932-ல் சிங்கப்பூரில் வந்தது. ஆங்க்கர், போட்டிக்கு வந்த ஜெர்மானியர் ஆலையின் சரக்கு. போர்க்காலத்தில், 1941-ல், அந்த ஆலையும் டைகர் கம்பெனியின் கைக்கே போய்விட்டது. முதலாளி ஒருவரான பிறகும் கட்சி இரண்டாகவே நீடித்தது.

*

இங்கிருந்து அதிக தூரமில்லை பிரான்மலை. பாரியின் பறம்பு அதுதான் என்பது வழிவழி நம்பிக்கை. அந்த நாட்டின் வளத்தைச் சொல்லும்போது கபிலர், நிலத்தில் புதைத்து முதிர்ந்த தேறலைக் குடிசைதோறும் கொடுத்ததைப் பாடியிருக்கிறார். புறநானூற்றில் 120-ஆவது பாட்டு. யார் வடித்தது, என்ன பேர் என்ற பேச்சு அதில் இல்லை. எங்கே வைத்திருந்தார்கள், முதிர்ந்ததா என்பதுதான் சொல்லப்படுகிறது. அந்தத் தேறல் முதிர முதிர ஏறும், இந்த லாகர் நாள்பட நாள்படத் தேயும். குணம் நேர் எதிர். ஆனாலும் வெயிலும் வெளிச்சமும் படாமல் மண்ணுக்கடியில் வைத்தார்களே, அதைப் படிக்கும்போது காரின் டிக்கி ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

கம்பிக்கு வெளியே நின்று "கூலிங் இருக்கா?" என்று கேட்கிறவரைப் பார்த்து ருசி தெரியாத ஆள் என்று சிலர் சிரிக்கிறார்கள். மூன்று கேள்விகளில் உருப்படியானது அதுதான் என்பேன். ஆனால் காலையில் ஃபிரிட்ஜில் வைத்துப் பகலில் எடுத்துக் கொடுக்கிற குளிர், அதற்கு முன் கிடங்கிலும் லாரியிலும் பட்ட சூட்டைத் திருப்பி எடுக்காது. நாக்கை மரக்கச் செய்து அதை மறைக்கும், அவ்வளவுதான்.

குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. குடிக்கிற பழக்கம் உள்ளவருக்கு ஒன்று. பாட்டிலைத் திருப்பினால் லேபிளில் சின்ன எழுத்தில் உற்பத்தி செய்த மாதமும் வருஷமும் அச்சாகியிருக்கும். பெரும்பாலான பாட்டில்களில் 6 மாதத்துக்குள் குடிக்கச் சொல்லியிருக்கும். அடுத்த தடவை முதலில் அதைப் படியுங்கள். உங்கள் பிராண்டு பழைய தேதியிலும் பேர் தெரியாதது புதுத் தேதியிலும் இருந்தால், பேர் தெரியாததையே வாங்குங்கள்.