மயில் கோவிச்சுக்கிட்டா எங்கே போகும்?

ஓம் சரவணபவ. 

பிறந்தநாளுக்கு முருகன் தீம் வைக்கிறதை இப்போ நிறைய வீட்ல பாக்குறோம். மயிலிறகு அலங்காரம், அட்டையில செஞ்ச வேல், குழந்தைக்குக் கிரீடம், பட்டு வேட்டி, நெத்தி நிறைய விபூதி. போட்டோவைப் பார்த்தாலே கன்னத்துல போட்டுக்கத் தோணும். கூடவே ஒரு கேள்வியும் வருது. "சாமியை வெச்சு இப்படி விளையாடலாமா?"ன்னு ஒரு பக்கம். "குழந்தையும் தெய்வமும் ஒண்ணுதானே, இதுல என்ன தப்பு?"ன்னு இன்னொரு பக்கம்.

போன வருஷம் நானும் இப்படி ஒரு விழா நடத்தினேன். அதுல ஒரு தப்பு பண்ணினேன். முருகன்கிட்ட பண்ணின தப்பு இல்ல அது. அதனாலதான் இதை எழுதுறேன்.

முதல்ல அந்தப் பழைய கேள்விக்கு வர்றேன். சாமியை வெச்சு விளையாடலாமா? இதுக்கு நம்ம பெரியவங்க எப்பவோ பதில் சொல்லிட்டாங்க. பிள்ளைத்தமிழ்னு ஒரு இலக்கிய வகையே இருக்கு. தெய்வத்தைக் கைக்குழந்தையா நினைச்சுப் பாடுறது. திருச்செந்தூர் முருகன் மேல பகழிக்கூத்தர் பாடியிருக்கார். வைத்தீஸ்வரன் கோயில் முத்துக்குமார சுவாமி மேல குமரகுருபரர் பாடியிருக்கார். அதுல பத்துப் பருவம் உண்டு. குழந்தையைக் கை தட்டச் சொல்றது ஒரு பருவம், முத்தம் கேக்குறது ஒரு பருவம், நிலாவை விளையாடக் கூப்பிடுறது ஒரு பருவம். சிறுபறை கொட்டுறது, சிறுதேர் உருட்டுறதுன்னு முழுக்க முழுக்க விளையாட்டு. சூரனை வென்றவரை மடியில தூக்கி வெச்சுக் கொஞ்சுறதை நம்ம மரபு பக்தின்னுதான் சொல்லுது.

அதனால குழந்தைக்கு முருகன் வேஷம் போடுறதுல எனக்குத் தயக்கம் இல்ல. கேக் விஷயத்துல மட்டும் அம்மா ஒண்ணு சொன்னாங்க. "சாமி முகம் போட்ட கேக் வேண்டாம்டா. கத்தி எங்க படும்னு யோசிச்சுப் பாரு." சரின்னு பட்டுச்சு. மயில் பச்சை நிறத்துல சாதா கேக் சொன்னோம்.

அக்கா பையனுக்கு அஞ்சாவது பிறந்தநாள். எங்க ஊர் திண்டுக்கல். தாய்மாமன்ங்கிறதால மொட்டை போட்டதும் காது குத்தினதும் என் மடியிலதான். பிறந்தநாளையும் நானே எடுத்துக்கிட்டேன். ஒரு மாசமா பிளான். மொட்டை மாடியில ஷாமியானா, நோட்டு அட்டையில ஆறுபடை வீடு, அழைப்பிதழை நானே செல்போன்ல டிசைன் பண்ணினேன். தம்பிதான் பால முருகன். அவனுக்கு ஒரு அக்கா இருக்கா, எட்டு வயசு. அவ ஆசையா வந்து கேட்டா, "மாமா, எனக்கு என்ன வேஷம்?"

"நீதான் பாப்பா மயில்"னு சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். நீலப் பாவாடை, முதுகுல மயிலிறகுக் கட்டு. ஆனா விழா அன்னைக்கு அவளோட வேலை என்னன்னா, தம்பிக்குப் பின்னாடியே நிக்கணும், போட்டோவுக்குக் குனியணும், அவ்வளவுதான்.

அடுத்தது போட்டி. ஞானப்பழக் கதையை விளையாட்டா வெச்சிருந்தேன். மாடித் தரையில சாக்பீஸ்ல பெருசா உலக உருண்டை வரைஞ்சு, அதை மூணு சுத்து ஓடி முதல்ல வர்றவங்களுக்குத் தங்கக் கலர் பேப்பர் சுத்தின ஒரு மாம்பழம். ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பாப்பா காதுல போய்ச் சொன்னேன். "நீதான் வேகமா ஓடுவேன்னு மாமாவுக்குத் தெரியும். இன்னைக்குத் தம்பிக்கு விட்டுக் குடுத்துடு, என்ன?" அவ தலையாட்டினா. கடைசிச் சுத்துல நின்னு, தம்பி தாண்டிப் போறவரைக்கும் பார்த்துட்டு, அப்புறம் மெதுவா ஓடி வந்தா. எல்லாரும் கை தட்டினாங்க. தம்பி மாம்பழத்தோட நிக்கிறதை நான் நாப்பது போட்டோ எடுத்தேன்.

கேக் வெட்டுற நேரத்துல பாப்பாவைக் காணோம்.

தெருவுல, பக்கத்து வீட்டுல, எல்லா இடத்துலயும் தேடினோம். அக்காவுக்கு அழுகையே வந்துடுச்சு. கடைசியில மாடிப்படிக்குக் கீழ, தண்ணி மோட்டார் பக்கத்துல உக்காந்திருந்தா. மயிலிறகுக் கட்டைக் கழட்டி மடியில வெச்சிருந்தா. அழல. நான் பக்கத்துல உக்காந்ததும் கேட்டா:

"முருகன் கோவிச்சுக்கிட்டா மலைக்குப் போயிடுவாரு. மயில் கோவிச்சுக்கிட்டா எங்க போகும் மாமா?"

எனக்குப் பதில் தெரியல. சின்ன வயசுல இருந்து அந்தக் கதையை நூறு தடவை கேட்டிருப்பேன். ஒரு தடவை கூட நான் இப்படி யோசிச்சதில்ல.

நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். நாரதர் பழம் கொண்டு வர்றார். வெட்டக் கூடாத பழம், ஒருத்தருக்குத்தான். உலகத்தை முதல்ல சுத்தி வர்றவங்களுக்குன்னு போட்டி. முருகன் மயில் ஏறிப் போறார். பிள்ளையார் அம்மையப்பனைச் சுத்தி வந்து பழத்தை வாங்கிக்கிறார். முருகன் கோவிச்சுக்கிட்டு ஆண்டிக் கோலத்துல பழனி மலைக்கு வந்துடுறார். 'திருவிளையாடல்' படம் (1965) ஆரம்பிக்கிறதே இந்தக் கதையிலதான். அவ்வையாரா கே.பி. சுந்தராம்பாள் வந்து சமாதானம் சொல்வாங்க.

இந்தக் கதையை வெச்சு நம்ம என்ன பேசுறோம்? பிள்ளையார் புத்திசாலியா, முருகன் ஏமாந்தாரா, யார் ஜெயிச்சது நியாயம்னுதான் பேசுறோம். போட்டியில ஓடின ரெண்டு குழந்தையைப் பத்தியே பேசுறோம். போட்டி வைக்கிற பெரியவங்க இடத்துல நம்ம நின்னா என்ன செய்யணும்னு பேசுறதில்ல. கதையிலேயே அதுக்குப் பதில் இருக்கு. தோத்த பிள்ளையைத் தேடி அம்மையப்பனே மலைக்கு வந்தாங்க. "பழம் நீ"ன்னு சொன்னதாலதான் பழனின்னு பேர் வந்துச்சுன்னு பெரியவங்க சொல்லக் கேட்டிருப்பீங்க. எனக்கு இப்போ அந்த ரெண்டு சொல்லும் ஒரு தாய் தகப்பன் பிள்ளைகிட்ட இறங்கி வந்து பேசுற பேச்சாத்தான் கேக்குது. போட்டி வெச்சவங்கதான் தோத்த குழந்தைக்குப் பொறுப்பு.

இதை ஒரு நண்பன்கிட்ட சொன்னேன். அவன் ஒத்துக்கல. "குழந்தைங்க தோக்கப் பழகணும்டா. எல்லாத்தையும் சமமாப் பங்கு போட்டுக் குடுத்தா நாளைக்கு வெளி உலகத்துல எப்படி நிக்கும்?"னு கேட்டான். அவன் சொல்றதுல நியாயம் இருக்கு. தோல்வி தெரியாம வளர்ற பிள்ளை பாவம்தான். ஆனா நான் பாப்பாவைத் தோக்கப் பழக்கல. ஓடிப் பார்த்துத் தோத்தா அது தோல்வி, மறுநாள் இன்னும் வேகமா ஓடலாம். ஓடுறதுக்கு முன்னாடியே "நீ தோத்துடு"ன்னு நான் முடிவு பண்ணிட்டேனே, அதுல அவ என்னத்தைக் கத்துக்க முடியும்? தன்னோட வேகம் இந்த வீட்டுக்கு வேண்டாம்ங்கிறதைத்தான் கத்துக்குவா.

விட்டுக் குடுக்குறது பெரிய குணம்தானேன்னும் கேக்கலாம். உண்மைதான். ஆனா விட்டுக் குடுக்குறது அவங்கவங்க மனசுல இருந்து வரணும். இன்னொருத்தர் காதுல வந்து சொல்லி வாங்குனா அது பறிக்கிறதுதான். அதுவும் வீட்ல யார்கிட்ட இப்படிக் கேக்குறோம்? மூத்த பிள்ளைகிட்ட, பொம்பளைப் பிள்ளைகிட்ட, சொன்னா கேட்டுக்குற பிள்ளைகிட்ட. அடம் பிடிக்கிற பிள்ளைகிட்ட நம்ம கேக்குறதே இல்ல.

"கோவிச்சுக்கிட்டுப் போனதாலதானே நமக்குப் பழனி கிடைச்சுச்சு?"ன்னும் ஒருத்தர் சொன்னார். அழகான எண்ணம்தான். ஆனா அது முருகன். அவர் கோவிச்சுக்கிட்டு நின்ன இடம் படைவீடு ஆச்சு. நம்ம வீட்டுக் குழந்தை கோவிச்சுக்கிட்டா மாடிப்படிக்குக் கீழ மோட்டார் பக்கத்துலதான் போய் உக்காரும். தேடிப் போகலேன்னா அங்கேயே இருக்கும். சாமி கதையைச் சாக்கா வெச்சு நம்ம தப்பை மூடக் கூடாது.

பிள்ளைத்தமிழ்ல நான் மேல சொல்லாம விட்ட பருவம் ஒண்ணு இருக்கு. சிற்றில் பருவம். சின்னப் பொண்ணுங்க மணல்ல வீடு கட்டி விளையாடுறாங்க. குட்டி முருகன் வந்து காலால அழிக்கப் பாக்குறார். அந்த இடத்துல பாட்டு யார் குரல்ல வருது தெரியுமா? வீடு கட்டின அந்தப் பொண்ணுங்க குரல்ல. "எங்க வீட்டை அழிக்காதே"ன்னு அவங்க கேக்குறதுதான் பாட்டு. பாட்டுடைத் தலைவன் முருகன்தான், ஆனாலும் பக்கத்துல இருக்குற குழந்தைக்கும் புலவர்கள் வாய் குடுத்திருக்காங்க. நான் நடத்தின விழாவுல மயிலுக்கு வாய் இல்லாமப் போச்சு.

அன்னைக்கு ராத்திரி பாப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டேன். "ஒரு நாள் எல்லாரும் பழனிக்குப் போவோம், நீதான் பிளான் போடணும்"னு சொன்னேன். ஒரு நோட்டுல எழுதிக் கொண்டு வந்தா. பஸ் வேண்டாம், ரயில்லதான் போகணும். யாருக்கும் வேஷம் வேண்டாம். அம்மாச்சி புளிசாதம் கட்டணும். ஜன்னல் சீட் ஒட்டன்சத்திரம் வரைக்கும் தம்பிக்கு, அதுக்கப்புறம் பழனி வரைக்கும் அவளுக்கு. ஒரு மாசம் பிளான் பண்ணின எனக்குத் தோணாத விஷயம் அது. ஒரு ஜன்னலை ரெண்டு பேருக்கு எப்படிப் பங்கு போடுறதுன்னு எட்டு வயசுப் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு.

முதல்ல அடிவாரத்துல திருஆவினன்குடி. அங்க சுவாமி பேரே குழந்தை வேலாயுதசுவாமி. அப்புறம் மலை. அம்மாவும் அக்காவும் விஞ்ச்ல வந்தாங்க. நானும் மச்சானும் பிள்ளைங்களும் படியில ஏறினோம். கிட்டத்தட்ட 700 படி. பாப்பா முன்னாடி ஓடிப் போய் நின்னு, நாங்க வந்ததும் மறுபடி ஓடினா. யாரும் அவளை மெதுவாப் போகச் சொல்லல. 2023 அக்டோபர்ல இருந்து மலைமேல செல்போனுக்கு அனுமதி இல்ல. அதனால அந்த நாளோட போட்டோ மேல எடுத்தது ஒண்ணு கூட இல்ல. என் கையில போன் இல்லாததால ரெண்டு பிள்ளைங்களையும் நான் கண்ணால பார்த்தேன்.

கீழ வந்து பஞ்சாமிர்த டப்பாவைப் பிரிச்சோம். 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பிரசாதம். மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய். தண்ணி ஒரு சொட்டுக் கூடச் சேர்க்காம பிசையிறது. சாப்பிடும்போது எனக்குத் தோணுச்சு. வெட்டக் கூடாத ஒரு பழத்தால பிரிஞ்சு வந்த பிள்ளையோட கோயில் இது. இங்க நமக்குக் குடுக்குற பிரசாதம், யாரும் தனியா எடுத்துக்க முடியாதபடி பழத்தைப் பிசைஞ்சு கலந்தது. எத்தனை கை நீட்டினாலும் ஆளுக்குக் கொஞ்சம் வரும்.

நண்பர்களே, நீங்களும் வீட்ல சித்தப்பாவோ, அத்தையோ, மாமாவோ, சித்தியோ, அக்காவோ இருப்பீங்க. விழாவோ டூரோ பிளான் பண்றப்போ எனக்காகச் சிலது ஞாபகம் வெச்சுக்கோங்க.

யாருக்குப் பிறந்தநாளோ அந்தக் குழந்தைக்கு நடுவுல இடம் குடுங்க, தப்பில்ல. ஆனா மத்தக் குழந்தைக்கும் சொந்தமா ஒரு வேலை, ஒரு பேச்சு, ஒரு கைதட்டல் இருக்கணும். போட்டி வெச்சா நிஜமாவே ஓட விடுங்க, ஜெயிச்சவங்க கையாலேயே பரிசை எல்லாருக்கும் பங்கு போடச் சொல்லுங்க. சிவபெருமான் கையில இருந்த பழம் வேணா வெட்டக் கூடாததா இருக்கலாம், நம்ம வாங்குற மாம்பழத்தை வெட்டலாம். வேஷம் குத்துது, கசகசங்குதுன்னு குழந்தை சொன்னா அந்த நிமிஷமே கழட்டிடுங்க. அடுத்த ஊர்ப் பயணத்தை ஒரு தடவையாவது குழந்தைங்களே பிளான் போடட்டும்.

பாப்பா கேட்ட கேள்விக்கு ரொம்ப நாள் பதில் தேடினேன். முருகன் கோயில்ல சந்நிதிக்கு நேரா மயில் நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. நம்மளை எல்லாம் பாக்குறதுக்கு முன்னாடி சுவாமி பார்வை விழுறது அது மேலதான். மயில் கோவிச்சுக்கிட்டுப் போகவே வேண்டியதில்ல, ஏன்னா முருகன் அதைக் கண் முன்னாடியே வெச்சிருக்கார். இதை அவகிட்ட சொன்னேன். "அப்போ நீங்க ஏன் மாமா என்னைப் பின்னாடி நிக்க வெச்சீங்க?"ன்னு கேட்டா.

அடுத்த மாசம் அவளுக்கு ஒன்பது வயசு. இந்தத் தடவை என்ன செய்யலாம்னு அவகிட்டயே கேட்டிருக்கேன். நோட்டு தயாராகிட்டு இருக்கு.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!